பாட்டியின் ஒரே தம்பி

ஒரு பிள்ளை பரீட்சை எழுதப் போவதற்கு இரண்டு ஆட்டோ எதற்கு என்று கல்பனாவுக்கு விளங்கவில்லை. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நின்றன. முதல் ஆட்டோவில் அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. ரயில் கிளம்பிவிடப் போகிறது என்கிற மாதிரி வீட்டுக்குள் எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஆறரை. தேர்வு ஒன்பதரைக்கு. தேர்வு நடக்கிற பள்ளிக்கூடம் இருப்பது கும்மிடிப்பூண்டி டவுனில், வீட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர். நொண்டிக்கொண்டே நடந்தாலும் நேரத்துக்குப் போய்விடலாம்.

"நைனா, பின்னாடி கீற ஆட்டோ யாருக்கு?"

"அது சும்மா வரும். நீ ஏறு."

"சும்மா இன்னாத்துக்கு வருது?"

"இது நடுவுல மக்கர் பண்ணிச்சின்னா அதுல ஏறிக்கலாம். சாலமோன் நம்ம பையன்தான். காலையில சவாரி இல்லன்னான், கூட வாடான்னேன்."

பின்னால் நின்ற ஆட்டோவிலிருந்து சாலமோன் கையை ஆட்டினான். அவன் முகத்திலும் எதற்காக வந்திருக்கிறோம் என்கிற தெளிவு இல்லை.

கல்பனாவின் மகள் அருணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாத்தா, ரெண்டாவது ஆட்டோவும் மக்கர் பண்ணா?"

ராஜமாணிக்கம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூணாவதா ஒருத்தனையும் கேட்டேன் கண்ணு. கம்பெனி ட்ரிப் கீதுன்னுட்டான்."

கதவோரம் நின்ற கல்பனாவின் அம்மா கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, கொழந்தய பேஜார் பண்ணாத. அது ஒயுங்கா எழுதும்" என்று சொல்லி, பேத்தியின் நெற்றியில் விபூதியைத் தீட்டிவிட்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மூன்று பேரோடு ஓர் ஆட்டோ, பின்னால் காலி ஆட்டோ ஒன்று. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அந்த பஸ்ஸில் தன் புருஷன் அன்புசெல்வன் இல்லாமல் இருக்கவேண்டுமே என்று கல்பனா வேண்டிக்கொண்டாள். பார்த்தானென்றால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கல்பனா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அங்கே முப்பது பேர் அவளுக்கு பயப்படுவார்கள். அப்பாவிடம் மட்டும் அவள் பருப்பு வேகாது. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வு அருணாவுக்கு. மனத்திறனில் தொண்ணூறு கேள்வி, பாடத்தில் தொண்ணூறு கேள்வி. தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் உதவித்தொகை வரும். அதைவிடப் பெரிய லாபம், தேறிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு படி மேலே வைத்துப் பார்ப்பார்கள்.

வழியெல்லாம் ராஜமாணிக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், "இன்னாப்பா சத்தம்?" என்பார். சிப்காட் லாரி ஒன்று குறுக்கே திரும்பினால், "தள்ளியே போ, தள்ளியே போ" என்பார். ஆறு ஐம்பதுக்கு இரண்டு ஆட்டோவும் எந்தக் கோளாறும் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றன. கேட் பூட்டியிருந்தது. உள்ளே வாட்ச்மேன் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பரீட்ச இன்னிக்குத்தான் பெரியவரே. ஆனா இப்போ இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எதிரே மூடிக் கிடந்த ஜெராக்ஸ் கடையின் படியில் உட்கார்ந்தார்கள். ராஜமாணிக்கம் பையைத் திறந்தார். ஹால் டிக்கெட் நகல் மூன்று. கறுப்பு பால்பாயிண்ட் பேனா நான்கு. நாஷ்டாவுக்கு டப்பாவில் இட்லி. தண்ணீர் பாட்டில் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருந்தார். பேத்திக்கு மட்டும்தான் மாற்று ஏற்பாடு செய்யவில்லை.

ஒன்பது மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. வேன்களிலும் பைக்குகளிலும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஆசிரியர்கள் பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். அருணா அம்மாவின் தோளில் ஒருமுறை முட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ராஜமாணிக்கம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. அப்புறம்தான் மூச்சு விட்டார்.

கல்பனா பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே இடத்தில்தான் பரீட்சை எழுதினாள். அன்றைக்குப் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டு இப்போது மாடி கட்டியிருக்கிறார்கள். மைதானம் அப்படியே இருந்தது. பதினான்கு வயதில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அந்தப் பரீட்சைக்குத் தயாரான நாட்கள்தான்.

அப்போது அதற்குப் பெயர் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில் எழுதவேண்டும். திருவள்ளூர் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். மாவட்டம் முழுக்க ஐம்பது பையன்கள், ஐம்பது பெண்கள், அவ்வளவுதான் எடுப்பார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரைக்கும் ஒருவரும் தேறியதில்லை. எழுதியதே இரண்டு மூன்று பேர்தான்.

அந்த வருஷம் ஹெலன் டீச்சர் வந்தாள். இருபத்துநான்கு வயது. தற்காலிக வேலை. தினமும் மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருவாள். ரயில் ஏழரைக்கே வந்துவிடும், பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தான். நடுவில் இருக்கிற நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவள் அந்த வகுப்பை ஆரம்பித்தாள். சைக்கிள் ஸ்டாண்டில் எட்டுப் பேர் தரையில் உட்காருவார்கள். ஹெலன் டீச்சர் ஓர் எண் வரிசையை எழுதி, "அடுத்து என்ன வரும்?" என்பாள். கண்ணாடியில் தெரிகிற கடிகாரத்தில் மணி என்ன என்பாள். பகடையைத் திருப்பினால் அடியில் எந்தப் புள்ளி என்பாள்.

அதுவரைக்கும் படிப்பு என்றால் மனப்பாடம் என்றுதான் கல்பனா நினைத்திருந்தாள். யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தானாகவே கண்டுபிடிக்கலாம் என்பது அவளுக்குப் புதுசு. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. நடக்கும்போது லாரி நம்பரைப் பார்த்து அடுத்த எண்ணை யோசிப்பாள். வீட்டில் தண்ணீர்க் குடம் நிரம்புகிற நேரத்தில் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் மணி பார்ப்பாள். "இந்தப் பொண்ணுக்கு இன்னாவோ புடிச்சிக்கிச்சி" என்று கன்னியம்மா கவலைப்பட்டாள். வாரா வாரம் நடந்த மாதிரித் தேர்வில் கல்பனாதான் முதல். "நீ அந்த அம்பதுக்குள்ள வந்துடுவே" என்று ஹெலன் டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது கால் தரையில் பட்டதா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம்தான்.

வம்பு வந்ததெல்லாம் உறவுமுறைக் கேள்வியில்தான்.

கன்னியம்மா புருஷனை மாமா என்று கூப்பிடுவது கட்டிக்கொண்டதனால் வந்த பழக்கம் இல்லை. ராஜமாணிக்கம் அவளுக்குப் பிறக்கும்போதே மாமன். அவளைப் பெற்றவளின் உடன்பிறந்த தம்பி. அக்கா மகளைத் தம்பிக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் ஊருக்கு நாலு வீட்டில் நடப்பதுதான். சொத்து வெளியே போகாது என்பார்கள். ராஜமாணிக்கம் வீட்டில் வெளியே போகிற அளவுக்குச் சொத்து ஏதும் இல்லை. கழனி வேலையை விட்டுவிட்டு சிப்காட்டில் ரோலிங் மில்லுக்கு வந்தவர். என்றாலும் பழக்கம் பழக்கம்தான்.

ஒருநாள் ஹெலன் டீச்சர் போர்டில் எழுதினாள். ஒருவரைக் காட்டி ஒரு சிறுமி சொல்கிறாள், 'இவர் என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் ஒரே தம்பி.' அவர் அந்தச் சிறுமிக்கு என்ன உறவு?

மற்றவர்கள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது கல்பனா எழுந்துவிட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "அப்பா, டீச்சர்."

ஹெலன் டீச்சருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பென்னிக்குப் புரிந்துவிட்டது. "டீச்சர், அது ஊட்ல தாத்தாதான் அப்பா!"

சைக்கிள் ஸ்டாண்டே சிரித்தது. ஹெலன் டீச்சரும் சிரித்துவிட்டு, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்படி இல்ல கல்பனா. பாட்டியோட தம்பின்னா தாத்தா முறை. கேள்விக்குள்ள உன் ஊட்ட இழுத்தாராத. கேள்வியில இருக்கறவங்க யாரோ எவரோ" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கல்பனா அதைப் புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் ஒரு உறவுமுறைக் கேள்வியிலும் அவள் தப்பு செய்யவில்லை.

ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 'தாத்தா பொண்ணு.' எட்டுப் பேர் வகுப்பிலிருந்து அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு ஈவிரக்கம் ஏது?

அதையும் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ராஜமாணிக்கம் அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு கேட்டில் வந்து நின்றார். நாற்பதுதான் வயது. மில்லில் பழுத்த கம்பிக்கு முன்னாலேயே நின்று நின்று தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. மரத்தடியிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான். "டேய், தாத்தா வந்துட்டாரு டோய்!"

அவர் முதலில் சிரித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ கிழவர் வருகிறார் என்று நினைத்து. பின்னால் யாரும் இல்லை. பிள்ளைகள் சிரிப்பு அடங்கவில்லை. டப்பாவைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு, தலையைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த கேட் பக்கம் வருவதை விட்டுவிட்டார். ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். கல்பனாவுக்கு அன்றைக்கு வந்த கோபமும் அழுகையும் சொல்லி முடியாது.

தேர்வன்றைக்கு மட்டும் அவர் வேறு ஆளாக இருந்தார். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். பார்த்தவர்களிடமெல்லாம், "கவர்மெண்டு பரீட்சைக்கு இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் செயின் கழன்றது. மாட்டினார், மறுபடி கழன்றது. கையெல்லாம் கரி. கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினார், கல்பனாவும் கூடவே ஓடினாள். ஹாலுக்குள் அவள் நுழைந்தபோது தேர்வு ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மூச்சு வாங்கியது. ஆனால் தாளைப் புரட்டியதும் எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. எண் வரிசை, கடிகாரம், பகடை. பேனா தானாக ஓடியது. நாற்பதாவது கேள்வியைத் தாண்டி எங்கோ அது உட்கார்ந்திருந்தது. 'இவர் என் தாயைப் பெற்ற பாட்டியின் ஒரே தம்பி.' மாமா, தாத்தா, அப்பா, அண்ணன். கேள்விக்குள் வீட்டை இழுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். சரியான விடை எதுவென்றும் தெரியும். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முடித்தாள். மணி பார்த்தாள். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தின் அந்தக் கோடியில் ராஜமாணிக்கம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் கரி. நரைத்த தலை. இது வேறு பள்ளிக்கூடம், இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது என்கிற தைரியத்தில் கேட்டுக்கு உள்ளேயே வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். கல்பனா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 'தாத்தா'வுக்கு உரிய எழுத்தை விட்டுவிட்டு, 'அப்பா'வுக்கு உரிய எழுத்தைக் கட்டத்துக்குள் அழுத்தி எழுதினாள்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஐம்பதாவது பெண்ணுக்கு எழுபத்திரண்டு மதிப்பெண், கல்பனாவுக்கு எழுபத்தொன்று. "ஒரு மார்க்குல போச்சேம்மா" என்றார். மார்க்கைக் கேட்பதற்காக அன்றைக்கு மட்டும் அந்த கேட்டைத் தாண்டி வந்த ராஜமாணிக்கம் பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டதே இல்லை. எங்கே போவதானாலும், "பஸ்ல போ கண்ணு" என்றுவிடுவார். மகள் தலைகுனிய வைத்துவிட்டாள் என்கிற வருத்தம் அவருக்கு என்று கல்பனா நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறாள். தெரிந்த விடையை வேண்டுமென்றே தப்பாக எழுதிவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாள் போகப் போக அது சொல்ல முடியாத பழசாகிவிட்டது.

வாழ்க்கை ஒன்றும் பாழாகிவிடவில்லை. பன்னிரண்டாவது முடித்தாள், வேலைக்குப் போனாள், நல்லவனைக் கட்டிக்கொண்டாள், அருணா பிறந்தாள். எண் வரிசையை மட்டும் இன்னும் விடவில்லை. கம்பெனியில் பெட்டி எண்களைப் பார்க்கும்போது, அடுத்து என்ன வரும் என்று மனசு தன்பாட்டுக்கு ஓடும். அப்போதெல்லாம் அந்த சைக்கிள் ஸ்டாண்டின் காலை வெயில் நினைவுக்கு வரும்.

"இன்னா நைனா நீ, ரெண்டு ஆட்டோ வச்சிக்கினு! அன்புக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிச் சிரிப்பாரு" என்றாள் கல்பனா, மறுபடி ஜெராக்ஸ் கடைப் படியில் வந்து உட்கார்ந்ததும், பேச்சை எங்காவது ஆரம்பிக்கவேண்டுமே என்று.

ராஜமாணிக்கம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்கட்டும். ஒரு தபா ஏமாந்தது போதும்."

"யாரு ஏமாந்தது?"

"உன்ன சைக்கிள்ல இட்டாந்தேனே."

கல்பனா அவர் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ல இட்டுக்கினு போன்னு உங்கம்மா படிச்சிப் படிச்சி சொன்னா. நான்தான் பெரிய இவனாட்டம் சைக்கிள எடுத்தேன். பழைய செயினு. மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு மாசமா சொல்லிக்கினே இருந்தேன், மாத்தல. பன்னண்டு நிமிசம் கண்ணு. பன்னண்டு நிமிசத்துல ஒரு மார்க்கு வந்திருக்காதா?" தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "உன்ன எங்கயும் ஏத்திக்கினு போறதுக்கு எனக்கு அப்பறம் கை வரல. திருவள்ளூருக்குக் கூடப் போனேன், உனக்குத் தெரியாது."

"திருவள்ளூருக்கா? எதுக்கு?"

"மார்க்கு வந்த மறாநாளு. மில்லுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரயில் மாறிப் போயி, கல்வி ஆபீசுல நின்னேன். எங்க பொண்ணு மேல தப்பு இல்லீங்க, செயின் கயண்டுக்கிச்சி, நான்தான் லேட்டா இட்டாந்தேன், அதுக்கு ஒரு மார்க்கு போட்டுக் கணக்குல எடுத்துக்கோங்கன்னேன். பாவம், நல்ல மனுசன். ஒக்காரவச்சி தண்ணி குடுத்தாரு. அப்பிடியெல்லாம் போட முடியாது பெரியவரேன்னாரு. நாப்பது வயசுல அவரும் என்னப் பெரியவரேன்னுதான் கூப்ட்டாரு." சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. "நீ என் மேல கோவமா கீறேன்னுதான் இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன். நீ கேக்கவே இல்லியே."

இந்த மனிதர் இருபத்தாறு வருஷம் ஒரு சைக்கிள் செயினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவளிடம் ஒரே வார்த்தை இருந்தது, அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே இறக்கி வைத்திருப்பார். அவள் சொல்லவில்லை. தன்னை நினைத்தே அவளுக்குக் கோபம் பொங்கியது.

"நைனா, செயினால போகல."

"சும்மா சொல்லாத."

"சும்மா இல்ல. நான் எல்லாத்தயும் எழுதி முடிச்சிட்டேன். பத்து நிமிசம் மீதி இருந்திச்சி. உன்னதான் ஜன்னல்ல பாத்துக்கினு இருந்தேன். ஒரு கேள்வி இருந்திச்சி. அம்மாவப் பெத்த பாட்டியோட ஒரே தம்பி, அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்னு. அவன் கேட்ட பதில் தாத்தா. எனக்குத் தெரியும். ஹெலன் டீச்சர் சொல்லிக் குடுத்திருந்தாங்க. தெரிஞ்சேதான் அப்பான்னு போட்டேன். அந்த ஒரு மார்க்குதான் போச்சி."

ராஜமாணிக்கத்தின் உதடு மட்டும் அசைந்தது. அக்கா, அக்கா மகள், அவள் மகள் என்று கணக்குப் போடுகிறார் என்று கல்பனாவுக்குத் தெரிந்தது. போட்டு முடித்ததும் முகம் சிவந்தது.

"அறிவு கீதா உனக்கு? சரியாத்தான கேட்டுக்கீறான்! முறைக்கு நான் உனக்குத் தாத்தாதான். எழுதிட்டு வரவேண்டியதுதான? பேப்பர்ல தாத்தான்னு எழுதினா நான் உனக்கு அப்பன் இல்லன்னு ஆயிடுவேனா?"

"ஆயிடுவேன்னுதான் நெனச்சேன். பதினாலு வயசு நைனா. பசங்க உன்னப் பாத்து கத்துனாங்களே. நீ பின்னாடி திரும்பிப் பாத்தியே. அத்தப் பாத்ததுக்கு அப்பறம் என் கையால எப்படி எழுதுவேன்?"

அவருக்கு அந்த மத்தியானம் நினைவிருந்தது. மறக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கினார். இருவரும் எழுந்து வழிவிட்டு, ஓரமாகப் போய் மதில் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"அப்போ பாரு," என்றார் ராஜமாணிக்கம், "எப்பிடிப் பாத்தாலும் நான்தான் காரணம். செயினா இருந்தா இன்னா, என் மூஞ்சியா இருந்தா இன்னா. அந்தப் பக்கம் வந்து நிக்காம இருந்திருந்தா நீ ஒயுங்கா எழுதிட்டு வந்திருப்பே."

கல்பனா இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தாள். மனிதர் அதை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா மேல் அவளுக்கு இருந்த பிரியம் அத்தனையும் அந்த ஆத்திரத்தில் சேர்ந்துகொண்டது.

"ஆமா, நீதான் காரணம். இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இன்னிக்கு அந்தப் பேப்பர என் கையில குடுத்து திரும்ப எழுதுன்னு சொன்னா, அதயேதான் எழுதுவேன். அந்த ஒரு மார்க்குக்காக நான் ஒரு நாளும் அழுதது இல்ல. நீ என்ன சைக்கிள்ல ஏத்திக்கலியேன்னுதான் அழுதேன்."

ராஜமாணிக்கம் மகளைப் பார்த்தார். அறுபத்தாறு வயதில், நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, அவர் விசித்து விசித்து அழுதார். கல்பனா தடுக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மில்லில் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை. மணி பத்து இருபது. உள்ளே மனத்திறன் தேர்வு முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.